தேவதைப் பட்டமும் தாதியின் அதிகாரமும்

2017 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கண்டி போதனா வைத்தியசாலையிலே இலங்கையின் முதலாவது இருதய மாற்றுச் சத்திரசிகிச்சை நிறைவேறியது. மூளைச்சாவெய்திய ஒருவரின் இருதயம் மற்றொருவரின் மார்பிலே மீண்டும் துடித்தது. தலைநகருக்கு வெளியே, மலைகளுக்கு நடுவே, நோயாளியிடம் பணம் வாங்காத அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றிலே இச்சாதனை நிகழ்ந்தமை இந்நாட்டு இலவச வைத்தியத்தின் பெருமை. அப்பெருமையில் எமக்கும் பங்குண்டு. சத்திரசிகிச்சை நிபுணர்களின் பெயர்கள் பத்திரிகைகளில் வந்தன, வரவேண்டியவையே. ஆனால் வாசகரை ஒன்று கேட்கிறோம். அந்த நோயாளியின் கட்டிலருகே அடுத்து வந்த இரவுகளில் கண்விழித்திருந்த தாதியருள் ஒருவரது பெயரையேனும் நீங்கள் அறிவீர்களா?

பெயர் தெரியாமற் போனது பெருங்குறையன்று. அவர்களுடைய தொழிலின் உள்ளடக்கமே நமக்குத் தெரியாமற் போனதுதான் குறை. இருதயத்தைத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சை சில மணி நேர வேலை. அதன்பின் நாட்கணக்காக நீளும் காவல் தாதியினுடையது. மார்பிலே பொருத்திய வடிகுழாய் வழியே மணிக்கு எத்தனை மில்லிலீற்றர் இரத்தம் கசிகிறது என்று அவர் அளந்து எழுதுகிறார். கசிவு பெருகினால் ஆபத்து. பெருகிக்கொண்டிருந்தது சட்டென்று நின்றுவிட்டால் அதுவும் ஆபத்து; குழாய் அடைபட்டு, இரத்தம் உள்ளேயே தேங்கி, இருதயத்தை வெளியிலிருந்து நெரிக்கத் தொடங்கியிருக்கலாம். இரத்த அழுத்தம் தாழ்கிறது, கழுத்து நாளம் புடைக்கிறது, சிறுநீர் குறைகிறது. மூன்றையும் தனித்தனியே குறித்து வைப்பதற்கு ஓர் எழுதுவினைஞர் போதும். மூன்றையும் ஒன்றாகக் கோத்துப் பார்த்து, நேரம் பிந்துமுன் நிபுணரை எழுப்புவதற்குத் தாதி வேண்டும். இந்த அறிவுக்கு நம் சமுதாயம் சூட்டியிருக்கும் பெயர் "சேவை மனப்பான்மை".

ஆண்டுதோறும் மே மாதம் 12 ஆம் திகதி சர்வதேசத் தாதியர் தினம் வருகிறது. மேடைகளில் விளக்கேற்றுகிறார்கள். வெள்ளுடைத் தேவதைகள் என்றும், தியாகச் சுடர்கள் என்றும், இரண்டாவது தாய்மார் என்றும் பிரமுகர்கள் முழங்குகிறார்கள். மறுநாட் காலையில் அதே தேவதைகள் ஆட்பற்றாக்குறை நிறைந்த வாட்டுக்குத் திரும்புகிறார்கள். தேவதைக்குச் சம்பளம் எதற்கு, மேலதிக நேரக் கொடுப்பனவு எதற்கு, ஓய்வறை எதற்கு என்பதே இப்புகழ்மாலையின் உட்பொருள். வீட்டிலே "மகாலட்சுமி" என்று போற்றி அடுப்படியில் இருத்திவைக்கும் பழந்தந்திரம் ஆஸ்பத்திரிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

அத்தினத்திலே பிறந்த புளோரன்ஸ் நைட்டிங்கேலுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. 1854 இல் ஸ்கூட்டாரி இராணுவ ஆஸ்பத்திரியில் அவர் ஏந்திய விளக்கை உலகம் முழுவதும் அறியும். இங்கிலாந்து மீண்டபின் அவர் கையில் எடுத்ததோ பேரேடு. படைவீரரிற் பெரும்பாலோர் பகைவரின் குண்டினால் மடியவில்லை, தடுக்கக்கூடிய நோய்களால் மடிந்தனர் என்பதை எண்களாலும், 1858 இல் அச்சிட்ட வட்ட வரைபடங்களாலும் நிறுவி, இராணுவ மேலிடத்தைக் கூண்டிலே நிறுத்தினார். விளக்கைப் பாடப்புத்தகத்தில் வைத்துக்கொண்டு பேரேட்டை மறைத்துவிட்டார்கள். விளக்கு எவரையும் குற்றஞ்சாட்டுவதில்லையல்லவா?

நாம் பேசப்போவது பேரேட்டைப் பற்றி. இருதய நோயாளரைப் பேணும் தாதியருக்குத் தொழில்தரக் கோவையொன்று வேண்டும். அது தாதியர் கையால் எழுதப்படவேண்டும். அதிலே அவர்களின் கடமைகள் மட்டுமன்றி, உரிய பயிற்சி பெற்றபின் தாமே தீர்மானித்துச் செயற்படும் அதிகாரமும், அவ்வாறு செயற்படுவதற்கு வேண்டிய ஆள்பலமும், நோயாளியின் மொழியும் எழுத்தில் இடம்பெறவேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அந்தக் கோவை தாதியின் முதுகில் ஏற்றப்படும் இன்னுமொரு சுமையேயாகும். சுற்றறிக்கைகளுக்கும் பதிவேடுகளுக்கும் நம் வைத்தியசாலைகளில் என்றுமே பஞ்சமிருந்ததில்லை என்பதை அறிந்தே இதைச் சொல்கிறோம்.

"தாதிக்கு அதிகாரமா? அப்படியானால் வைத்தியர் எதற்கு?" என்று புருவத்தை உயர்த்துவோர் இருதய வைத்தியத்தின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்பது நன்று. 1960 அளவில் மாரடைப்பு நோயாளிக்கு ஆஸ்பத்திரி அளித்தவை பெரும்பாலும் படுக்கை ஓய்வும் நோவு தணிக்கும் மருந்துமே. அனுமதிக்கப்பட்டோரில் சுமார் 30 சதவீதத்தினர் ஆஸ்பத்திரியிலேயே இறந்தனர். அவர்களிற் பலரைக் கொன்றது திடீரென எழுந்த தாளப்பிசகு. இருதயத்தின் கீழறைகள் சுருங்கி விரிவதை மறந்து, புழுக்கூட்டம் நெளிவதுபோல் வெறுமனே நடுங்கும், இரத்தவோட்டம் நிற்கும், சில நிமிடங்களில் மூளை சாகத் தொடங்கும். அந்நடுக்கத்தை மின்னதிர்ச்சியால் நிறுத்தலாம் என்பது அப்போதே தெரிந்திருந்தது. மார்பைத் திறக்காமலே இரு கைகளால் அழுத்தி இரத்தத்தை ஓடச் செய்யலாம் என்பதை 1960 இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆராய்ச்சியாளர் காட்டினர். கருவி இருந்தது, முறையும் இருந்தது. நோயாளியோ பொது வாட்டின் மூலையில் எவரும் காணாத வேளையில் இறந்துகொண்டிருந்தார்.

1961 இல் எடின்பரோவைச் சேர்ந்த டெஸ்மண்ட் ஜூலியன் என்ற இளம் வைத்தியர் "லான்செட்" சஞ்சிகையிலே ஒரு கட்டுரை எழுதினார். மாரடைப்பு நோயாளரின் இருதயத் துடிப்பை எச்சரிக்கை மணியோடு கூடிய மின்பதிவுக் கருவியால் இடையறாது கண்காணிக்கவேண்டும். வைத்தியர்க்கு மட்டுமன்றித் தாதியர்க்கும் ஏனைய ஊழியர்க்கும் மார்பழுத்தப் பயிற்சி அளிக்கவேண்டும் என்பது அவர் வாதம். 1962 இல் கான்சாஸ் நகரிலே ஹியூஸ் டே என்பவர் இவ்வகையான தனிப் பிரிவொன்றைத் திறந்தார். எனினும் தீர்க்கமான அடியை எடுத்து வைத்தது பிலடெல்பியா நகரின் பிரெஸ்பிட்டேரியன் ஆஸ்பத்திரி என்பதே எமது எண்ணம். அங்கே லோரன்ஸ் மெல்ட்சர் என்ற வைத்தியரும் ரோஸ் பினியோ என்ற தாதியும் சேர்ந்து, அன்றைய வைத்திய உலகம் கேட்டு அதிர்ந்த ஒரு காரியத்தைச் செய்தனர். திரையில் ஓடும் மின்வரைபைப் படித்துப் பொருள்கொள்ளத் தாதியருக்குக் கற்பித்தனர். கொல்லும் நடுக்கம் தோன்றியதும் வைத்தியரை எதிர்பாராமல் மின்னதிர்ச்சி கொடுக்கும் அதிகாரத்தை அவர்களிடமே ஒப்படைத்தனர். 1965 இல் அவ்விருவரும் மற்றுமொரு வைத்தியரும் சேர்ந்து வெளியிட்ட தீவிர இருதயப் பராமரிப்பு நூல் தாதியருக்கென்றே எழுதப்பட்டது.

இதற்கான காரணம் கணக்கிலே இருக்கிறது. மின்னதிர்ச்சி பிந்தும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம்வரை குறைகிறது. வைத்தியர் விடுதியிலிருந்து எழுந்து, படியிறங்கி, முற்றத்தைக் கடந்து ஓடிவருவதற்கு ஐந்து நிமிடமாவது செல்லாதா? கட்டிலருகே இருப்பவர் செயற்படாவிட்டால் அந்தக் கட்டிலை வைத்திருப்பதில் அர்த்தமில்லை. தாதியர் செயற்படத் தொடங்கிய பின்பே அத்தகைய பிரிவுகளில் மரணம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததென்ற செய்திகள் வரலாயின. எனவே இருதய வாட்டு என்ற அமைப்பே தாதிக்கு அதிகாரம் வழங்கியதன் பெறுபேறு என்று துணிந்து கூறலாம். கருவியை மட்டும் இறக்குமதி செய்துகொண்டு அதிகாரத்தைத் துறைமுகத்திலேயே விட்டுவந்தால், மிஞ்சுவது ஒளிரும் திரைகள் பூட்டிய பழைய பொது வாட்டுத்தான்.

கண்டிக்கு வருவோம். இன்று கண்டி தேசிய வைத்தியசாலை என வழங்கும் அந்த ஆஸ்பத்திரி நாட்டின் இரண்டாவது பெரிய வைத்தியசாலை. மகாவலியை ஒட்டிச் சற்றுத் தூரம் போனால் பேராதனைப் போதனா வைத்தியசாலை. கம்பளை, நாவலப்பிட்டி, புசல்லாவை, கலஹா, தெல்தோட்டை, மடுல்கலை, மாத்தளை, நுவரெலியா என்று மலையின் எல்லா மடிப்புகளிலிருந்தும் இருதய நோயாளர் இங்கு வந்து சேருகின்றனர். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்கவேண்டும் என்பது உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட விதி. அடைபட்ட குழாயைக் கம்பி செலுத்தித் திறக்க வசதியில்லாத இடத்திலே, இரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்தை எவ்வளவு விரைவில் ஏற்றுகிறோமோ அவ்வளவுக்கு இருதயத் தசை மிஞ்சும். அம்மருந்து ஏறும்போது இரத்த அழுத்தம் தாழலாம். ஈறிலும் சிறுநீரிலும், ஏன், மூளையிலும் இரத்தம் கசியலாம். வரைபை எடுப்பவர் யார்? எடுத்ததைப் பார்த்து "இதை வரிசையில் நிறுத்தாதீர்கள், உள்ளே கொண்டுபோங்கள்" என்று சொல்லும் உரிமை யாருக்கு? மருந்து ஏறும் அரை மணியோ ஒரு மணியோ கட்டிலை விட்டு நகராமல் நிற்கவேண்டியவர் யார்? மூன்று கேள்விக்கும் நடைமுறையில் ஒரே விடைதான். அந்த விடை எழுத்தில் உண்டா என்பதே நமது வழக்கு.

எழுத்தில் இல்லாதபோது நிகழ்வது என்ன? இரவு இரண்டு மணி. எந்த ஆஸ்பத்திரி என்பது முக்கியமன்று. ஒழுங்கைப் பற்றிப் பேசுகிறோம். திரையிலே நடுக்கம் தோன்றுகிறது. தாதி மின்னதிர்ச்சி கொடுக்கிறார். நோயாளி பிழைத்தால் அது வாட்டின் வெற்றி. இறந்தால் "உன்னை யார் செய்யச் சொன்னது?" என்று விசாரணை. மாறாக, அவர் வைத்தியருக்கு ஆளனுப்பிவிட்டுக் கைகட்டி நின்று, நோயாளி இறந்துபோனால் எவரும் எதுவும் கேட்பதில்லை. "நேரம் வந்துவிட்டது" என்று உறவினர் அழுதுகொண்டே பிரேதத்தை எடுத்துச் செல்கிறார்கள். செயற்பட்டவருக்குத் தண்டனை, சும்மா நின்றவருக்குப் பாதுகாப்பு! இப்படியொரு ஒழுங்கின்கீழும் பெரும்பாலான தாதியர் செயற்படத்தான் செய்கிறார்கள் என்பது மனிதகுலத்தின்மீது நம்பிக்கை ஊட்டுகிற விஷயம். ஆனால் அந்த நம்பிக்கையின்மீது வைத்தியசாலையைக் கட்ட முடியாது. இரவிலே வைத்தியருக்கு நிகராகத் தீர்மானம் எடுக்கவேண்டியவர், பகலிலே நிபுணர் சுற்றிவரும்போது கோப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கும் பணிப்பெண்ணாகிவிடுகிறார். இந்த இரட்டை வாழ்வுக்கு முடிவுகட்டுவதே தொழில்தரக் கோவையின் முதல் வேலை.

1988 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலங்கைத் தாதியர் பேரவைச் சட்டம் தாதியருக்கென்று ஒரு பேரவையையும் பதிவையும் ஏற்படுத்தியது. நல்லது. பதிவு என்பது வாயிலில் நின்று சீட்டைப் பார்ப்பது; உள்ளே போனவர் இருதய வாட்டிலே எதைத் தாமே செய்யலாம், எதைச் செய்யாமல் விட்டாற் குற்றம் என்று வரையறுப்பது வேறு வேலை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருதயத் தாதியத்துக்கெனத் தனித் தரநூல்கள் இருக்கின்றன. அவற்றை வரவழைத்து மேலட்டையை மாற்றி அச்சிட்டால் போதும் என்று சிலர் நினைக்கக்கூடும். அந்நூல்கள் எழுதப்பட்ட வாட்டிலே கட்டிலுக்கொரு கண்காணிப்புத் திரை உண்டு, மருந்து தீர்ந்துபோவதில்லை. 2022 மார்ச்சில் பேராதனைப் போதனா வைத்தியசாலை மருந்துத் தட்டுப்பாட்டினால் அவசரமல்லாத சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்தபோது, எந்த வெளிநாட்டுத் தரநூலின் எந்த அத்தியாயம் அங்கிருந்த தாதிக்கு வழிகாட்டியிருக்கும்? இருப்பதை யாருக்கு முதலிற் கொடுப்பது, இல்லாததை நோயாளியிடம் எப்படிச் சொல்வது என்பனவும் நமது நாட்டிலே தொழில்தரத்துக்குள் அடங்கும்.

எதிர்ப்புகளைப் பார்ப்போம். வைத்தியருள் ஒரு சாரார் இதைத் தமது எல்லைக்குள் அத்துமீறல் என்பர். அவர்களோடு நெடிது வாதிட விரும்பவில்லை. இரவிலே தூக்கம் கலையாமலிருப்பதற்காக வாய்மொழியாகக் கையளித்த அதிகாரத்தைப் பகலிலே எழுத்தில் கையளிக்க மறுப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது என்று மட்டும் கேட்டுவைப்போம்.

நிருவாகிகள் வேறு ரகம். அவர்கள் "தரம்" என்ற சொல்லைக் கேட்டதும் மகிழ்ந்துபோவார்கள். ஜப்பானியத் தொழிற்சாலைகளிலிருந்து வந்த "ஐந்து எஸ்" முறை 2000 ஆம் ஆண்டளவில் கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலையிலே தொடங்கி நாடெங்கும் பரவியது. பொருள்களை வகைபிரித்து, ஒழுங்காக வைத்து, துப்புரவாக்கும் முறை அது. அதனாற் பயன் விளையவில்லை என்று சொல்லமாட்டோம். அவசர மருந்துப் பெட்டியிலே தேடியது தேடிய இடத்தில் இருப்பது உயிர்காக்கும் காரியமே. ஆனால் அலுமாரிக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுவதோடு தரம் முற்றுப்பெற்றுவிட்டது என்று கருதும் மனப்பான்மை ஒன்று வளர்ந்திருக்கிறது. பூச்சாடிக்கு இடம் குறித்துத் தரையிலே மஞ்சட்கோடு போட முடிகிறது. ஒரு தாதிக்கு எத்தனை நோயாளர் என்ற கோட்டைப் போடச் சொன்னால் மட்டும் சாயம் தீர்ந்துவிடுகிறது!

நமது தோழர்களிற் சிலரின் தயக்கம்தான் நாம் மதித்து விடையிறுக்கவேண்டியது. தரம், அளவுகோல், மதிப்பீடு என்பன மேலிடத்தின் சவுக்குகள். குறைந்த ஆளிடம் கூடிய வேலை வாங்குவதற்கான சூழ்ச்சி என்கிறார்கள். உண்மைதான், அவை அவ்வாறு பயன்படுத்தப்பட்டிருக்கின்றன. தோட்டப்புறத்து ஆஸ்பத்திரியின் வரலாறே இதற்குச் சான்று. 1912 ஆம் ஆண்டு மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம் தொழிலாளரின் நோயைத் தோட்டத் துரையின் பொறுப்பாக்கியது. அதனூடே அது நோயாளியைத் துரையின் பேரேட்டில் ஓர் இனமாகவும் ஆக்கியது. உழைப்பவன் எழுதாத தரம் உழைப்பவனுக்கு எதிராகவே திரும்பும். ஆனால் எட்டு மணி நேர வேலை நாள் என்பதும் ஒரு தரந்தானே? 1927 ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச வேதனக் கட்டளைச்சட்டமும் ஒரு தரந்தான். சவுக்கு எதிரியின் கையிலிருக்கிறது என்பதற்காக அதைப் பறிக்காமலே விட்டுவிடுவது எந்த வகையான போர்த்தந்திரம்?

கலிபோர்னியாத் தாதியர் சங்கத்தின் போராட்டம் இங்கே நினைவுக்குரியது. 1999 இல் அம்மாநிலச் சட்டசபை நிறைவேற்றிய சட்டம் 2004 இல் நடைமுறைக்கு வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவிலே ஒரு தாதிக்கு இரு நோயாளருக்கு மேல் ஒப்படைக்கலாகாது என்பது அங்கே விதி. ஆஸ்பத்திரி முதலாளிமாரும் மாநில ஆளுநரும் அவ்விதிகளைத் தளர்த்த முயன்றபோது தாதியர் வீதிக்கு இறங்கி அவற்றைக் காத்தனர். அவர்கள் கையிலே எண்கள் இருந்தன. லிண்டா ஏக்கன் என்ற ஆராய்ச்சியாளர் பென்சில்வேனியாவின் 168 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து 2002 இல் வெளியிட்ட முடிவு இது: தாதியொருவர் பார்க்கும் சத்திரசிகிச்சை நோயாளரின் தொகை ஒன்றால் கூடினால், நோயாளி 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. 2014 இல் ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் நடந்த ஆய்விலும் ஏறக்குறைய அதே எண் வந்தது. நம் ஊர் வாட்டுகளில் இரவிலே எத்தனை நோயாளருக்கு எத்தனை தாதியர் என்பதை வாசகர் தாமே போய் எண்ணிப் பார்க்கலாம். எண்ணுவதற்கு எவரும் கட்டணம் அறவிடுவதில்லை.

நாடு கடன் கட்டமுடியாது என்று அறிவித்த 2022 ஆம் ஆண்டிலே, அரச ஊழியர் சம்பளமற்ற லீவிலே ஐந்தாண்டுவரை வெளிநாடு சென்று உழைப்பதற்கு அரசாங்கம் வழி திறந்துவிட்டது. டொலர் வரவேண்டும், அதற்காக மனிதர் போகலாம். அனுபவமுள்ள தாதியருக்கு வெளிநாட்டு வாயில்கள் எப்போதும் திறந்தே இருக்கின்றன. போகிறவர்களை நாம் நோகமாட்டோம். பிள்ளையின் பால்மாவுக்கும் வீட்டு வாடகைக்கும் கணக்குப் பார்க்கிற எவரும் செய்வதையே அவர்கள் செய்கிறார்கள். ஆனால் இருதய வாட்டிலே பத்தாண்டு நின்ற ஒருவர் புறப்படும்போது, எழுதி வைக்கப்படாத பத்தாண்டு அறிவும் அவரோடு விமானம் ஏறுகிறது. அடுத்த வாரம் அவ்விடத்துக்கு வருகிற இளந்தாதி முதலெழுத்திலிருந்து தொடங்கவேண்டும். அந்தப் படிப்புக்குரிய கட்டணத்தை நோயாளியே செலுத்துகிறார்.

மலைநாட்டுத் தொழிலாளியைப் பற்றிப் பேசாமல் கண்டியின் இருதய வைத்தியத்தைப் பற்றிப் பேச முடியாது. 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் என்ற துரை 19 ஏக்கரிலே தேயிலை நட்ட லூல்கந்துரை கண்டிச் சீமையில்தான் இருக்கிறது. அன்று முதல் இந்த மலைகளிலே கொழுந்து கிள்ளுகிறவர்கள் தமிழ் பேசுகிறவர்கள். நெருக்கடியான லயத்துக் காம்பராவிலே ஒரு பிள்ளைக்குத் தொண்டைநோ வந்தால் எல்லாப் பிள்ளைக்கும் வரும். அவற்றுள் ஒன்றுக்கு வாதக்காய்ச்சலாக மாறி இருதய வால்வைச் சுருக்கும். அதைத் தடுக்க மூன்று நான்கு கிழமைக்கொருமுறை பெனிசிலின் ஊசி போடவேண்டும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் தாய்க்கு ஒரு நாட் பேர் போய்விடும். அந்தப் பேரின் விலை ஆயிரம் ரூபாவை எட்டுவதற்கு 2021 வரை போராடவேண்டியிருந்தது என்பதை நினைவிற் கொண்டால், ஊசி ஏன் தவறுகிறது என்று எவரும் ஆச்சரியப்படமாட்டார்கள். "இந்தச் சனங்களுக்கு அக்கறை இல்லை" என்று பதிவேட்டில் எழுதுவது சுலபம். ஊசி தவறியவரின் வீட்டுக்கு யார், எத்தனை நாளுக்குள் ஆளனுப்பவேண்டும் என்று எழுதுவதே தொழில்தரம்.

அந்தப் பிள்ளை வளர்ந்து, வால்வு பழுதாகி, கண்டியிலே உலோக வால்வு பொருத்தப்பட்டு வீடு திரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். இனி வாழ்நாள் முழுவதும் வார்பரின் குளிசை. குறைந்தால் வால்விலே இரத்தம் உறைந்து பக்கவாதம். கூடினால் உள்ளே இரத்தப்பெருக்கு. ஈரிதழ் வால்வின் இடத்திலே உலோகம் இருந்தால், இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். என்ற எண் 2.5 க்கும் 3.5 க்கும் இடையிலே நிற்கவேண்டும். கீரையை ஒரு நாள் மலையாகத் தின்று மறுநாள் தொடாமல் விட்டால் எண் மாறும். காய்ச்சலுக்குக் கடையிலே வாங்கிய குளிசையினால் மாறும். நாட்டு வைத்தியரின் கசாயத்தினாலும் மாறலாம். கருவுற்றால் உடனே வந்து சொல்லவேண்டும், ஏனெனில் அம்மருந்து சிசுவை ஊனமாக்கக்கூடும். இத்தனையையும் அவளுக்கு யார், எந்த மொழியில் சொன்னார்கள்?

1956 இல் சிங்களத்தைத் தனி அரசகரும மொழியாக்கிய நாடு, 1987 இல் பதின்மூன்றாவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழி என்று எழுதிக்கொண்டது. அரசியலமைப்பின் பக்கத்திலிருந்து கட்டிலின் தலைமாட்டுக்கு அந்த வாக்கியம் இன்னும் நடந்து வந்து சேரவில்லை. கொழுந்து பறிக்கும் பெண் "வாய்வு அடைக்குது, மேலெல்லாம் ஓயுது" என்கிறாள். அவள் வாழ்நாளில் "மாரடைப்பு" என்ற சொல்லை வாயாற் சொன்னதில்லை. பக்கத்துக் கட்டிலின் உறவினரோ கூட்டுகிற சிற்றூழியரோ மொழிபெயர்க்கிறார்கள். "வாய்வாம்" என்று முடித்துவிடுகிறார்கள். "பப்புவே அமாருவ" என்ற சிங்களத் தொடர் கேட்டவுடன் தாதியின் காது நிமிரும். "வாய்வு" என்ற தமிழ்ச் சொல்லுக்கு நிமிரவேண்டும் என்று எவரும் அவருக்குக் கற்பிக்கவில்லை. பெண்களுக்கு மாரடைப்பு பல வேளைகளில் நெஞ்சுநோவாக வராமல் மூச்சிளைப்பாகவும் சோர்வாகவும் வருகிறது என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்த்தால், மொழி ஓர் உயிர்ப்பிரச்சினை என்பது விளங்கும்.

இவ்விடத்திலே ஓர் எச்சரிக்கை அவசியம். அந்தத் தாதியை இனவாதி என்று தூற்றுவதற்கு இதைப் பயன்படுத்துகிறவர்களோடு எமக்கு உடன்பாடில்லை. அவரும் ஹேவாஹெட்டையிலோ உடுதும்பறையிலோ ஒரு சிறு விவசாயியின் வீட்டிலே பிறந்து, போட்டிப் பரீட்சை எழுதி, கடன்பட்டுப் படித்து வந்தவர். தமிழ் நோயாளியை "அம்மே" என்று அழைத்து முதுகைத் தடவிக் கொடுப்பவர். அவருக்குத் தமிழ் கற்பிக்காதது அவருடைய குற்றமன்று. இருதய வாட்டிலே பணிபுரிவதற்கு வேண்டிய தகுதிகளுள் நோயாளியின் மொழியிலே நோவைக் கேட்டறியும் திறனும் ஒன்று என்று கோவையில் எழுதி, அதற்குப் பயிற்சிக் காலமும் சம்பளமும் கொடுக்கட்டும். நூறு சொற்கள் போதும் முதலில். சிங்களத் தாதியும் தமிழ்த் தொழிலாளியும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்வது எவருக்கு இலாபமில்லையோ அவர்கள்தான் இதை "நடைமுறைச் சாத்தியமற்றது" என்பார்கள்.

தனியார் ஆஸ்பத்திரிகளைப் பற்றி நீட்டவேண்டியதில்லை. அங்கே தரம் என்பது அறையின் குளிரூட்டியிலும் விலைச்சிட்டையிலும் தெரியும். அரசாங்க வாட்டிலே எழுதப்பட்டு நிலைபெறும் கோவை நாளை அவர்களையும் கட்டுப்படுத்தவேண்டும். இதை அவர்களிடமிருந்து தொடங்க முடியாது.

யார் எழுதுவது? பேராதனைப் பல்கலைக்கழகத்திலே மருத்துவ பீடம் 1962 இலிருந்து இருக்கிறது. இணைச் சுகாதார விஞ்ஞான பீடத்திலே தாதியத்துக்குப் பட்டப்படிப்பும் வந்துவிட்டது. மேற்சொன்ன ஐரோப்பிய ஆய்வு, பட்டம் பெற்ற தாதியரின் பங்கு 10 சதவீதம் கூடும்போது இறப்பின் வாய்ப்பு 7 சதவீதம் குறைகிறது என்றும் கண்டது. ஆகவே படித்த தாதி ஆடம்பரமல்லர். ஆனால் பட்டதாரிகள் மட்டும் மேசையைச் சுற்றியிருந்து எழுதினால் அது ஆய்வேடாகும். தொழிற்சங்கம் மட்டும் எழுதினால் கோரிக்கைப் பட்டியலாகும். இருபதாண்டு இரவுக் கடமை பார்த்தவர்கள், பல்கலைக்கழகத்தார், வைத்தியருள் நல்லெண்ணம் படைத்தோர், மூவரும் ஒரே மேசைக்கு வரவேண்டும். பேனாவை முதலில் இரவுக் கடமைக்காரரிடம் கொடுக்கவேண்டும். அவர் எழுதும் முதல் வரைவிலே இலக்கணப் பிழை இருக்கலாம். திருத்துவதற்குத்தான் நம்மைப் போன்ற ஆசிரியர்கள் இருக்கிறோமே.

உண்மையில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் இதில் காத்திருக்கத் தேவையில்லாத பங்கொன்று உண்டு. பேரவையும் அமைச்சும் கூடிக் கலைவதற்கு ஆண்டுகள் செல்லலாம். வார்பரின் குடிப்பவர் கையிலே கொடுக்கவேண்டிய குறிப்பு ஒரு பக்கந்தான். ஏட்டுத் தமிழில் "உறைவெதிர்ப்பி" என்று எழுதினால் அதை எந்த லயத்திலும் எவரும் வாசிக்கமாட்டார்கள். எந்தக் கீரை, எத்தனை பிடி, எந்தக் குளிசையைக் கடையில் வாங்கக்கூடாது, பல்லிலே இரத்தம் வந்தால் எங்கே ஓடவேண்டும், மாதவிலக்கு மட்டுமீறினால் யாரிடம் கூச்சமின்றிச் சொல்லலாம் என்பவற்றை அந்த மக்களின் பேச்சிலே எழுதவேண்டும், மறுபக்கத்திலே சிங்களம். கலஹாவிலோ புசல்லாவையிலோ ஒரு பள்ளிக்கூட அறையில், இருதய வாட்டிலே வேலைசெய்யும் ஒரு தாதியும், ஒரு தமிழாசிரியரும், கொழுந்து பறிக்கும் இரண்டு பெண்களும் உட்கார்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் அந்த ஒரு பக்கம் முடிந்துவிடும்.